பெரியத்தைக்கு மூன்றாம் இடம்

அந்தத் துறைமுகத்தில் யாரும் எழுதி வைக்காத, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த விதி ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் தலைநகரத்துக்கு அனுப்பும் பட்டியலில் மூன்றாவதாக எதை எழுதுகிறார்களோ அதுதான் கிடைக்கும்.

பட்டியலுக்கு ஒரு முழுப் பெயர் உண்டு: "தேசிய அரசின் மேலான கவனத்துக்கு, துறைமுகத்தின் கொள்கை மற்றும் நிதி முன்னுரிமைகள்." மூச்சு வாங்காமல் இதைச் சொல்லக்கூடியவர் சேர்மன் ஒருவர்தான், அவரும் மேடையில் மட்டும்தான் சொல்வார். மற்றவர்களுக்கு அது வெறும் பட்டியல். அதில் பத்து ஐட்டம் இருக்கும். முதலாவது, ஆழ்கடல் கப்பல்களுக்கு ஒரு வெளித் துறைமுகம். இருபத்திரண்டு வருடமாக அது அசையாமல் முதலிடத்தில் உட்கார்ந்திருக்கிறது. நிஜமாகவே கொடுத்துவிட்டால் சேர்மன் மயங்கி விழுந்துவிடுவார். எங்கே கட்டுவது என்று அவருக்கே தெரியாது. இரண்டாவது, ரயில் பாதை. அதற்கு ஒவ்வொரு வருடமும் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி பதில் வரும்.

மூன்றாவது கிடைத்துவிடும். ஒரு வருடம் கிரேன் என்று எழுதினார்கள், கிரேன் வந்தது. அடுத்த வருடம் கிடங்குக்குக் கூரை என்றார்கள், கூரை வந்தது. ஒரு வருடம் தட்டச்சில் வரிசை மாறி, பத்தாவதாக இருக்க வேண்டிய புல்வெட்டும் இயந்திரம் மூன்றாம் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அதுவும் வந்தது. துறைமுகத்தில் புல் கிடையாது, சிமெண்டும் கரித்தூளும்தான். இயந்திரம் இன்றைக்கும் தார்ப்பாய்க்குள் புத்தம் புதிதாக இருக்கிறது.

பட்டியலை எழுதுகிறவள் திட்டப் பிரிவில் மூன்றாம் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பட்டியலம்மா என்று பெயர் விழுந்து பதினோரு வருடம் ஆகிறது. பட்டியல் காலம் வந்துவிட்டால் அவள் மேஜைக்குத் தனி மவுசு. ஒரு வருடமாக முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட, "என்னம்மா, இளைச்சுப் போயிட்டீங்களே" என்று வந்து நிற்பார்கள். அவள் இளைக்கவில்லை. மூன்றாம் இடம் காலியாக இருக்கிறதா என்று பார்க்க வருகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

ஆனால் அவளுக்கென்று ஒன்று வேண்டியிருந்தது. அதை மட்டும் அவள் ஐந்து வருடமாக ஏழாவதாகவே எழுதி வந்தாள்.

அவள் வீட்டுக்காரர் அந்தத் துறைமுகத்தில் பைலட். பெண் பார்க்க வந்த அன்று "மாப்பிள்ளை பைலட்" என்று சொன்னதும் அவள் சித்தப்பா அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். இவர் பறக்கிறவர் இல்லை, ஏறுகிறவர் என்று பிறகு விளக்க வேண்டியிருந்தது. வெளியூர்க் கப்பலின் கேப்டனுக்கு இந்தத் துறைமுகத்தின் மேடு பள்ளம் தெரியாது. அதனால் பைலட் ஒரு சிறிய படகில் கடலுக்குள் போய், கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியைப் பிடித்து ஏறி, மேலே நின்று வழி சொல்லிக் கப்பலை உள்ளே கொண்டுவருவார். கப்பல் அதற்காக நிற்காது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஓடுகிற படகிலிருந்து ஓடுகிற கப்பலுக்குத் தாவ வேண்டும். வாரத்துக்கு ஏழெட்டு முறை.

அந்தப் படகுக்கு வயது முப்பத்தொன்று. பெயர் பெரியத்தை. பதிவேட்டில் வேறு ஏதோ எண் இருந்தது. இருமல், முணுமுணுப்பு, கிளம்புவதற்கு முன் நாலு பேர் கெஞ்ச வேண்டியிருப்பது எல்லாம் சேர்ந்து யாரோ வைத்த பெயர் நிலைத்துவிட்டது. "பெரியத்தை கிளம்பிட்டாங்களா?" என்றுதான் வயர்லெஸ்ஸில்கூடக் கேட்பார்கள். இருபத்தைந்து வயது தாண்டிய படகுக்குப் பழுது பார்க்கச் செலவு செய்யக் கூடாது, புதிது வாங்க வேண்டும் என்று ஒரு விதி. புதிது வாங்கத் தலைநகரம் அனுமதிக்க வேண்டும் என்று இன்னொரு விதி. இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில் ஆறு வருடமாகப் பெரியத்தை ஓடிக்கொண்டிருந்தார். அவருக்குச் செய்ய அனுமதி இருந்த ஒரே உபசாரம் பெயிண்ட் அடிப்பது. பெயிண்ட் பழுதுபார்ப்பில் சேராது, அது அழகுபடுத்தல்.

படகை மூன்றாவதாக எழுதப் பட்டியலம்மாவின் கை எத்தனையோ முறை துறுதுறுத்தது. எழுதினால், "புருஷனுக்குப் படகு வாங்கிக் கொடுத்துட்டா" என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து ஏழாவதாக எழுதுவாள். எழுதிவிட்டு, தன்னைப்போல் நேர்மையானவள் யார் என்று கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொள்வாள். சலவைக்குப் போடும்போது அவர் கால்சட்டை முழங்காலில் இருக்கும் துருக்கறையைத் தேய்க்கத் தேய்க்க, அந்தப் பெருமையும் சேர்ந்து கரைந்துவிடும். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூட அவள் அந்தப் படகில் கால் வைத்ததில்லை. பார்த்துவிட்டால் பிறகு தூக்கம் வராது என்று அவளுக்குத் தெரியும்.

ஒருநாள் அவர் இடது கையைத் தூளியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கேட்டதற்கு, "வழுக்கிடுச்சு" என்றார்.

"கைப்பிடி இருக்கும்ல? பிடிச்சுக்க மாட்டீங்களா?"

"அது இருக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

கை சரியாகி அவர் வேலைக்குத் திரும்பிய வாரத்தில் தலைநகரத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. இந்த முறை பட்டியல் ஒரு வருடத்துக்கு இல்லை, மூன்று வருடத்துக்கு. இதில் விட்டதை மூன்று வருடம் கழித்துத்தான் கேட்க முடியும். அந்த வரியை அவள் இரண்டு முறை படித்தாள்.

அந்த வருடம் மூன்றாம் இடத்தைத் தலைமைப் பொறியாளருக்கு அவள் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தாள். அவர் கேட்டது லிஃப்ட். அவர் அறை நாலாம் மாடியில். முழங்கால் தேய்ந்துபோனவர் அவர். அதை வெளியில் சொல்லமாட்டார். ஒவ்வொரு மாடியிலும் நின்று அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் மூச்சு வாங்குவார். அந்த அலுவலகத்தில் எல்லா அறிவிப்புகளையும் ஒன்றுவிடாமல் படித்தவர் அவர் ஒருவர்தான்.

பட்டியலம்மா ஒரு மத்தியானம் பல்லைக் கடித்துக்கொண்டு லிஃப்ட்டை நாலாவதுக்குத் தள்ளினாள். மூன்றாவதாக, "வழிகாட்டிப் படகு, புதிது, ஒன்று; இருப்பது முற்றிலும் சிதைந்த நிலை" என்று தட்டச்சு செய்தாள். கூடவே, யாரும் படிக்காத கொள்கைப் பகுதியில் ஒரு வரி சேர்த்தாள்: "பணியில் மனிதர்கள் ஏறி இறங்கும் சாதனங்களைத் துறைமுகமே பழுது பார்க்கவும் வாங்கவும் அனுமதி வேண்டும்." சேர்மன் முதல் பக்கத்தை மட்டும் படிப்பவர். அதில் அவர் படம் இருந்தது. மூக்கு பெரிதாக விழுந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. "மூன்றாவது ஐட்டத்தை நேரில் பார்வையிட அதிகாரி ஒருவர் வியாழக்கிழமை வருகிறார்." விஷயம் மூன்றாம் மாடியிலிருந்து நாலாம் மாடிக்கு ஏற அரை மணி நேரம் ஆனது. தலைமைப் பொறியாளர் இறங்கி வந்தார்.

"மூணாவது லிஃப்ட்டும்மா. நீங்க தலையாட்டினீங்க. நான் பாத்தேன்."

"ஆட்டினேன் சார்."

"இப்ப என்ன சொல்றீங்க?"

"தப்புத்தான் சார். ஆனா மாத்தி எழுத மாட்டேன்."

அவர் சண்டை போட வந்தவர். இப்படி ஒரேயடியாக ஒத்துக்கொண்டால் என்னதான் செய்வார்? "வீட்டுக்காரருக்குன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினார். சாயங்காலத்துக்குள் அந்த ஒரு வார்த்தை கேண்டீன்வரை போய்விட்டது. அவள் எந்தப் பேச்சுக்கு ஐந்து வருடம் பயந்தாளோ அதே பேச்சு, ஒரு எழுத்து குறையாமல்.

வீட்டில் அவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னை வெச்சு எல்லாரும் சிரிக்கிறாங்க. கப்பல் கேப்டன் வரைக்கும் போயிடுச்சு. 'உங்க மனைவிதான் அரசாங்கமாமே'ன்னு கேக்குறான்."

"இத்தனை வருஷம் ஏழாவதா எழுதினேனே, அப்ப யாராவது அழுதாங்களா?"

"படகுக்கு என்ன இப்ப? ஓடுது."

"ஓடுதுங்கறது ஒரு பதிலா?"

"கடல்ல அதுதான் பதில்" என்று அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் படகுத்துறைக்குப் போன பட்டியலம்மா ஆடிப்போய்விட்டாள்.

அந்தத் துறைமுகத்துக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. தலைநகரத்திலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் போதும், யாரும் சொல்லாமலே பெயிண்ட் டின் திறந்துவிடும். வருகிறவர் நடக்கும் பாதை, பார்க்கும் சுவர், உட்கார வாய்ப்புள்ள நாற்காலி எல்லாம் பளபளக்கும். கடன் கேட்கப் போகிறவர் இருக்கிற நகையெல்லாம் போட்டுக்கொண்டு போவதுபோல்தான். ஏழ்மையைக் காட்டிக்கொள்வது சேர்மனுக்குக் கௌரவக் குறைச்சல்.

பெரியத்தையை அவர்கள் விட்டுவைப்பார்களா? உடம்பு முழுக்க வெள்ளை, இடுப்பில் நீலக் கோடு, கைப்பிடிகள் மஞ்சள். பக்கவாட்டில் கிழிந்து தொங்கிய டயர்களுக்கும் கறுப்பு அடித்திருந்தார்கள். மேல்தளத்தில் ஒரு கம்பளம், அதன்மேல் மூன்று நாற்காலி, நடு நாற்காலியில் வெள்ளைத் துண்டு. பெண் பார்க்க வருகிற வீடு தோற்றது.

"யாரு இப்படிப் பண்ணச் சொன்னது?" என்று படகோட்டியிடம் கேட்டாள்.

"யாரும் சொல்லலம்மா. மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார் அவர். அவர் முகத்திலும் நீலம் ஒட்டியிருந்தது.

வந்த அதிகாரி ஒரு பெண்மணி. குள்ளமாக, கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு, கக்கத்தில் கோப்போடு காரிலிருந்து இறங்கினார். சேர்மன் வரவேற்புரையை இரண்டாவது வாக்கியம்வரை கொண்டுபோனார். அதற்குள் அந்த அம்மா படகுத்துறைக்கு நடந்துவிட்டார். படகை மேலும் கீழும் பார்த்தார். கண்ணாடியை இறக்கிக் கோப்பைப் பார்த்தார். மறுபடி படகைப் பார்த்தார்.

"இதைத்தான் 'முற்றிலும் சிதைந்த நிலை'ன்னு எழுதியிருக்கீங்களா? எங்க அமைச்சகத்துக் கார் இதைவிட மோசமா இருக்கு."

சேர்மன் நெஞ்சை நிமிர்த்தினார். "எங்க பராமரிப்பு அப்படி மேடம்!"

பட்டியலம்மாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. தலைமைப் பொறியாளருக்கு முகம் மலர்ந்தது. "மேடம், நேரம் இருந்தா நாலாவது ஐட்டத்தையும் பாத்துடலாம். நாலாம் மாடிதான்" என்றார்.

இன்னும் ஐந்து நிமிடத்தில் அந்த அம்மா கார் ஏறிவிடுவார். அதோடு மூன்று வருடம் போய்விடும். பட்டியலம்மா வாயைத் திறந்தாள். என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"மேடம், தானியக் கப்பல் ஒண்ணு வெளியில காத்திருக்கு. பைலட் இப்பக் கிளம்பணும். படகிலேயே போய்ப் பாத்துட்டு வந்துடலாமே."

"நீங்களும் வர்றீங்களா?"

அவள் ஒருமுறை படகைப் பார்த்தாள். "வர்றேன் மேடம்."

மிதவைச் சட்டைகளை மாட்டிக்கொண்டு எல்லோரும் ஏறினார்கள். சேர்மனுக்கு எந்தச் சட்டையிலும் கொக்கி மாட்டவில்லை. கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பைலட் ஏற்கெனவே படகில் நின்றுகொண்டிருந்தார். மனைவியைப் பார்த்ததும் அவர் புருவம் நெற்றிவரை ஏறி இறங்கியது. அலுவலகத்தார் முன்னால் வேறெதுவும் செய்ய முடியாதே.

அன்றைக்குப் பார்த்துப் பெரியத்தை இருமவில்லை. முணுமுணுக்கவில்லை. சாவியைத் திருப்பியதும் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையாகக் கிளம்பினார்.

"இன்ஜின் நல்லாத்தானே இருக்கு?" என்றார் தலைநகரத்து அம்மா.

படகோட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம பேரு கெட்டுடக் கூடாதுன்னு மூணு நாளா உள்ளயே கிடந்தேன் மேடம்!"

அந்த ஆளைக் கடலில் தள்ளினால் என்ன என்று பட்டியலம்மா யோசித்தாள். அந்த அம்மா பைலட் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இதுல தினம் போறவர் நீங்க. என்ன குறை?"

பைலட் கடலைப் பார்த்தார், தன் காலணியைப் பார்த்தார். மனைவியை மட்டும் பார்க்கவில்லை. "குறைன்னு ஒண்ணும் இல்ல மேடம். ஓடுது."

அந்த அம்மா கோப்பில் ஏதோ குறித்துக்கொண்டார். அந்தப் பேனா ஓடுவதைப் பார்க்கப் பார்க்கப் பட்டியலம்மாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒரு மனுஷன் தனக்கு வேண்டியதைக் கேட்க இவ்வளவு கூச்சப்படுவானா? உடனே, ஏழாவதாக எழுதியவள் யார் என்பதும் ஞாபகம் வந்தது.

அலைதடுப்புச் சுவரைத் தாண்டியதும் படகு ஆடத் தொடங்கியது. தானியக் கப்பல் நாலு மாடிச் சுவராக எதிரில் வந்து நின்றது. நிற்கவில்லை, நகர்ந்துகொண்டேதான் இருந்தது. மேலிருந்து கயிற்றேணி தொங்கியது. பெரியத்தை அதன் பக்கமாக ஒட்டினார். டயர்கள் கப்பலில் உரசிக் கறுப்புப் பெயிண்டை அப்பிவிட்டன.

பைலட் படகின் விளிம்புக்குப் போனார். கயிற்றுக்காரர் என்று ஒருவர் அங்கே உண்டு. படகுக் கயிறுகளைக் கட்டி அவிழ்க்கிறவர், தடித்த ஆள். அவரும் பக்கத்தில் போய் நின்றார். பட்டியலம்மா கண்ணை மூடிக்கொள்ளத்தான் நினைத்தாள். முடியவில்லை. அவள் பார்த்தாள். அவர் கை மஞ்சள் கைப்பிடியைத் தாண்டிப் போய்க் கயிற்றுக்காரரின் தோளில் உட்கார்ந்தது. படகு ஓர் அலையில் ஏறி இறங்கியது. அவர் அசையவில்லை. இன்னொன்று ஏறி இறங்கியது. மூன்றாவது அலை படகை உச்சிக்குத் தூக்கிய கணத்தில் தோளை விட்டுவிட்டு ஏணிக்குத் தாவினார். ஒரு கால் படியைத் தவறவிட்டு, தேடி, பிடித்துக்கொண்டது. பிறகு மேலே, மேலே.

படகு விலகியது. அவள் தட்டுத் தடுமாறிக் கயிற்றுக்காரரிடம் போனாள்.

"ஏன் அண்ணே, கைப்பிடி இருக்கில்ல? அவர் ஏன் உங்க தோளைப் பிடிக்கிறாரு?"

கயிற்றுக்காரர் சேர்மன் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதை யாரும் பிடிக்கிறதில்லம்மா. உள்ள இரும்பே கிடையாது. ஆறு வருஷத்துப் பெயிண்ட்தான் நிக்குது. ரெண்டு மாசம் முன்னாடி அவசரத்துல மறந்துபோய்ப் பிடிச்சுட்டாரு. அதான் கை போச்சு. நாங்கதான் திரும்பத் தூக்கி நிறுத்திப் பெயிண்ட் அடிச்சோம்."

"அது இருக்கு இருக்கு" என்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து வந்த குரல் அவள் காதில் கேட்டது.

பட்டியலம்மா கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தாள். காலை ஊன்றி ஒரு இழு இழுத்தாள். அவ்வளவு பலம் தேவையே இல்லை; சுள்ளி முறிகிற சத்தத்தோடு ஒரு முழத் துண்டு கையோடு வந்துவிட்டது. பின்னால் சாயப் போனவளைக் கயிற்றுக்காரர் தாங்கிப் பிடித்தார். அவள் நேராக நடு நாற்காலிக்குப் போய், அந்த அம்மாவின் மடியில், திறந்திருந்த கோப்பின்மேல் அதை வைத்தாள்.

"மூணாவது ஐட்டம் மேடம். இணைப்பு ஒண்ணு."

சேர்மனுக்குத்தான் முதலில் வாய் வந்தது. "பெயிண்ட் இன்னும் காயல மேடம், பாத்து..."

அந்த அம்மா துண்டைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி உள்ளே பார்த்தார். தட்டினார். பழுப்புத் தூள் கொட்டிக் கோப்பை நிறைத்தது. அவர் விரலெல்லாம் மஞ்சள்.

"ஏன் பழுது பாக்கல?"

"கூடாதுன்னு விதி இருக்கு மேடம். உங்க விதிதான்."

"அப்ப ஏன் இதை அஞ்சு வருஷமா ஏழாவதா எழுதினீங்க? பழைய பட்டியலெல்லாம் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

பட்டியலம்மா மேலே பார்த்தாள். கப்பலின் மேல்தளத்தில் ஒரு சின்ன உருவம் நடந்துபோய்க்கொண்டிருந்தது.

"இப்ப ஏறினாரே, அவரு என் வீட்டுக்காரரு. நாலு பேரு பேசுவாங்கன்னு வெட்கப்பட்டுக்கிட்டு ஏழாவதா எழுதினேன் மேடம். அந்த வெட்கத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அவரு இத்தனை நாள் ஏறிக்கிட்டிருந்தாருன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

தலைநகரத்து அம்மா கண்ணாடியைத் தலைக்கு ஏற்றினார். நெற்றியில் ஒரு மஞ்சள் கோடு விழுந்தது.

"உங்க முதல் ஐட்டம் சேர்மனுக்காக எழுதறது. ரெண்டாவது உங்க ஊர் மக்கள் பிரதிநிதிக்காக. இது எங்களுக்குத் தெரியும். மூணாவதுலதான் துறைமுகம் உண்மையைப் பேச ஆரம்பிக்குதுன்னு நம்பி அதைக் கொடுத்துக்கிட்டிருந்தோம். போங்க, ஒரு தடவை புல்வெட்டுற மெஷின் கேட்டீங்க."

சேர்மன் கடலில் எதையோ உற்றுப் பார்த்தார். தலைமைப் பொறியாளர் அந்த ஒரு முழத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், தன் முழங்காலை மெல்லத் தடவிவிட்டுக்கொண்டு சொன்னார். "நாலாவது ஐட்டம் அங்கயே இருக்கட்டும் மேடம். எனக்குப் படியில கைப்பிடி நல்லா இருக்கு."

அந்த அம்மா உடைந்த கைப்பிடியை நாற்காலியிலிருந்த வெள்ளைத் துண்டில் சுற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

பைலட் அன்று சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார். செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"கைப்பிடியை உடைச்சது யாரு?"

"நான்தான்."

"சரி. நாளையிலேர்ந்து நான் எதைப் பிடிக்காம இருக்கிறது?"

அவள் சிரிக்கவில்லை. "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா பயப்படுவ. அப்புறம் மூணாவதா எழுதுவ. ஊர் உன்னைப் பேசும்."

"நீங்க என்னைக் காப்பாத்துனீங்க. நான் என் நேர்மையைக் காப்பாத்துனேன். உங்களைக் காப்பாத்த யாருமே இல்லாம போயிட்டாங்க."

அவர் செய்தித்தாளை எடுத்தார், அவள் அதைப் பிடுங்கி வைத்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக, பத்தொன்பது வருடத்துக் கதையை, எந்தெந்தக் கப்பலில் எந்தெந்தப் படி வழுக்கியது என்பதுவரை, அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் இரண்டு இடத்தில் அழுதாள், ஓரிடத்தில் அவரைத் திட்டினாள்.

நாலு மாதத்தில் தலைநகரத்துக் கடிதம் வந்தது. முதலாவது, இரண்டாவது, பரிசீலனையில். மூன்றாவது, அனுமதிக்கப்பட்டது, இணைப்பு கிடைக்கப்பெற்றது. கீழே கொள்கைப் பகுதியில் புதிதாக ஒரு பத்தி: பணியில் மனிதர்கள் ஏறி இறங்கும் எந்தச் சாதனமும் இனிப் பட்டியலில் வரிசை நிற்க வேண்டாம், வயது வரம்பின்றித் துறைமுகமே பழுது பார்க்கலாம், வாங்கலாம்.

அதை நகல் எடுத்து எல்லா மாடியிலும் ஒட்டினார்கள். தலைமைப் பொறியாளர் முதல் மாடியில் படித்தார். இரண்டாம் மாடியில் மறுபடி படித்தார். மூன்றாம் மாடிக்கு வந்ததும் நேராகப் பட்டியலம்மாவின் மேஜைக்கு வந்து நின்று மூச்சு வாங்கினார்.

"ஏம்மா, மனிதர்கள் ஏறி இறங்குற சாதனம்னா... லிஃப்ட்டும் அதானே?"

அவள் கடிதத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "உக்காருங்க சார்" என்று சொல்லித் தட்டச்சுப் பக்கம் திரும்பினாள்.

புதுப் படகு வந்து சேர்ந்த அன்று சேர்மன் நாடா வெட்டுவதாக ஏற்பாடு. பெரியத்தை துறையின் மறுகோடியில், மஞ்சள் உதிர்ந்து, ஓய்வாகக் கட்டிக்கிடந்தார். பேச்சு ஆரம்பிக்க நேரமிருந்தது. பட்டியலம்மா நாடாவுக்கு அடியில் குனிந்து நுழைந்து, யாரையும் கேட்காமல் புதுப் படகில் ஏறினாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தாள். படகின் விளிம்பில் ஒரு காலை ஊன்றி, பலம்கொண்ட மட்டும் இழுத்தாள்.

"ஏய், புதுசுடி! உடைச்சுத் தொலைக்காதே" என்று பைலட் ஓடி வந்தார்.

"உடையுதான்னுதான் பாக்கறேன்" என்றாள் அவள்.

இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. அதன் பிறகுதான் அவர் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள்.